மகள் தரம் 9இல், கையில் மாதம் 40,000 ரூபா: கம்பஸ் செலவுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி இது. குடும்பம் வெள்ளவத்தையில். மகள் அரச பாடத்திட்டத்தில், தமிழ் மொழிமூலம் தரம் 9 படிக்கிறாள். மாதம் 40,000 ரூபா ஒதுக்கலாம். லண்டனில் இருக்கும் மாமா தானும் உதவுவதாகச் சொல்கிறார். காப்புறுதி முகவர் ஒருவர் 15 வருடக் கல்வித் திட்டம் ஒன்றுக்குப் படிவத்தோடு வந்து நிற்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் அந்த 15 வருடத் திட்டத்துக்கு இப்போது கையெழுத்து வைக்காதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். பிந்திவிட்டோமோ என்று பயப்படவும் வேண்டாம். கொழும்பில் பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் சேர்த்த குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் மொத்தத் தொகை குறைந்ததால் இல்லை. கட்ட வேண்டிய நாளில் பணம் முதிராத வைப்பில் கிடக்கும். கட்டணம் பவுணில் வரும்போது சேமிப்பு ரூபாவில் இருக்கும். விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் வேறொருவர் பெயரில் இருக்கும். நாள், நாணயம், பெயர் ஆகிய மூன்றையும் இன்றே ஒரு தாளில் எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பணத்துக்கு முன் ஒரு முடிவு இருக்கிறது: மகள் எந்த ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதப் போகிறாள்? ஓ.எல். (சாதாரணதரப் பரீட்சை) முடிந்ததும் "லண்டன் ஏ.எல்.லுக்கு மாற்றிவிடுவோமா" என்ற பேச்சு கொழும்பில் பல வீடுகளில் எழும். அரச பல்கலைக்கழக அனுமதி உள்ளூர் ஏ.எல். இசட் புள்ளியில், அதாவது பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணிக்கும் புள்ளியில், நடக்கிறது. கொழும்பில் இருந்துகொண்டே எடெக்செல் அல்லது கேம்பிரிட்ஜ் ஏ.எல். எழுதும் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது. அந்த மாற்றம் நடக்கும் நாளிலிருந்து உங்கள் திட்டம் முழுக்க முழுக்கக் கட்டணம் கட்டிப் படிப்பதற்கான திட்டம் ஆகிவிடும். பரீட்சைக் கட்டணமே பவுண் விலையோடு ஏறி இறங்கும். ஆங்கிலத்தில் நன்றாக ஓடும் பிள்ளை, வெளிநாடு போவது உறுதி, அதற்குப் பணமும் இருக்கிறது என்றால் மாற்றுங்கள். "அது இலேசு" என்று யாரோ சொன்னதற்காக மாற்ற வேண்டாம். மாதம் 40,000 ரூபா வரவுத் திட்டத்துக்கு உள்ளூர் ஏ.எல். தான் பொருந்தும்.

இனி அரச வழி. முதல் பட்டத்துக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. இடம்தான் பிரச்சினை. ஏ.எல். பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோரில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 சதவீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரியும். 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, நுவரெலியா எல்லாம் உண்டு, கொழும்பு இல்லை. கொழும்பின் வெட்டுப்புள்ளி, அதாவது இடம் பெறத் தேவையான குறைந்த இசட் புள்ளி, நாட்டிலேயே உயர்ந்தவற்றில் ஒன்று. வன்னியிலோ மலையகத்திலோ இருந்து மருத்துவத்துக்குள் நுழைய முடிகிற புள்ளியோடு கொழும்புப் பிள்ளை வெளியே நிற்க நேரலாம். இதைத் தெரிந்துகொண்டு சில பெற்றோர் பிள்ளையை ஊர்ப் பாடசாலைக்கு அனுப்பப் பார்ப்பார்கள். மாவட்டத்தைத் தீர்மானிக்கும்போது பரீட்சைக்கு முந்திய மூன்று வருடப் பாடசாலைப் படிப்பைப் பார்க்கிறார்கள், ஓ.எல். பெறுபேறு வந்த பிறகு பாடசாலையை மாற்றிப் பலன் இல்லை. அதற்காகப் பிள்ளையை வேரோடு பிடுங்கி நடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்ணப்பத்தில் நடக்கும் இரண்டு தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, விருப்ப வரிசை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்துத் தனிக் குறியீடு உண்டு. பிள்ளைகள் மருத்துவம், பொறியியல், சட்டம் என்று முதல் ஐந்தாறை யோசித்து எழுதிவிட்டு மற்றதைக் கண்ணை மூடி நிரப்புவார்கள். இடம் பெரும்பாலும் கிடைப்பது அந்தக் கண்மூடி நிரப்பிய பகுதியில்தான். கடந்த ஆண்டு வெட்டுப்புள்ளியை மாவட்ட வாரியாக எடுத்து வைத்துக்கொண்டு, பத்தாவதிலிருந்து இருபதாவது வரையான விருப்பங்களுக்கு ஒரு முழு நாள் செலவழியுங்கள். மற்றது, உளச்சார்புப் பரீட்சை. மொறட்டுவையின் கட்டடக்கலை, ஆடை வடிவமைப்பு போன்ற சில துறைகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாக விளம்பரம் செய்து பரீட்சை வைக்கும். அதற்குத் தனி விண்ணப்பம், தனி முடிவுத் திகதி. அதைத் தவறவிட்டால் எவ்வளவு நல்ல புள்ளியும் உதவாது.

கட்டணம் இல்லை என்றால் செலவு இல்லை என்று அர்த்தமில்லை. பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போனால் விடுதி முதல் வருடம் கிடைத்து இடையில் கிடைக்காமல் போகலாம். போர்டிங், சாப்பாடு, பயணம், மடிகணினி எல்லாம் வீட்டுக் கணக்கில்தான். மாதம் 30,000 ரூபா என்று வைத்தால் நான்கு வருடத்துக்கு 14 லட்சத்து 40 ஆயிரம். மருத்துவம் என்றால் ஐந்து வருடம், 18 லட்சம். மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் ஒரு பகுதி குறையும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பேர்சரி எனப்படும் உதவிப்பணத்தை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தினார்கள். குடும்ப வருமானம் பார்த்துக் கொடுப்பதால் எல்லோருக்கும் கிடைக்காது. கிடைத்தாலும் முதல் தவணை கைக்கு வரப் பல மாதம் ஆகும். ஆகவே முதல் ஆறு மாதச் செலவை மகாபொல இல்லாமலே கணக்குப் போடுங்கள்.

கொழும்புக் குடும்பங்கள் உண்மையில் பணத்தை இழப்பது பரீட்சைக்கும் அனுமதிக்கும் இடையில் உள்ள காலத்தில். 2024ஆம் ஆண்டு ஏ.எல். பரீட்சை அந்த ஆண்டு நவம்பரில் தொடங்கியது. பெறுபேறு 2025 ஏப்ரல் கடைசியில் வந்தது. அதற்குப் பிறகு கைநூல், விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு என்று இன்னும் பல மாதம். பரீட்சை முடிந்த நாளிலிருந்து விரிவுரை மண்டபத்தில் உட்காரும் நாள் வரை ஒரு வருடம் போவது சாதாரணம். இந்த இடைவெளியில்தான் தனியார் நிறுவனங்கள் மாணவரைச் சேர்க்கின்றன. பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறாளே என்ற கவலையில் பெற்றோர் முதல் அரையாண்டுக் கட்டணத்தைக் கட்டிவிடுவார்கள். பிறகு அரச பல்கலைக்கழகத்தில் இடம் வரும். கட்டிய பணம் திரும்பாது.

அதனால் சேர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "அரச பல்கலைக்கழக அனுமதி கிடைத்து விலகினால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள், எந்தத் திகதி வரை?" வாய்ப்பேச்சுப் பதிலை ஏற்காதீர்கள், மின்னஞ்சலில் வாங்குங்கள். திருப்பித் தர மாட்டார்கள் என்றால், அந்த மாதங்களுக்கு ஆங்கிலம், கணினி, ஏ.ஏ.டி. கணக்கியல் போன்ற சிறிய கட்டணப் படிப்பு ஒன்றைப் பிடியுங்கள். எங்கே போனாலும் அவை வீணாகாது.

இரண்டாம், மூன்றாம் தடவை எழுதுவதையும் செலவாகவே எண்ணுங்கள். ஏ.எல். மூன்று தடவை எழுதலாம் என்பதால் மருத்துவம் வரும் வரை எழுதிக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரு வருட ரியூஷன் செலவும், உழைக்கத் தொடங்கும் நாள் ஒரு வருடம் தள்ளிப்போவதும் சேர்ந்து வரும். வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையில் தவறியிருந்தால் இரண்டாம் தடவை நியாயம். தூரத்தில் நின்றால் வேறு பாதையைப் பாருங்கள்.

கட்டணம் கட்டிப் படிக்கும் வழிக்கு வருவோம். இங்கே இரண்டு வகை உண்டு. முதலாவது, இலங்கைப் பட்டத்தைத் தாமே வழங்க அதிகாரம் பெற்ற நிறுவனங்கள். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை இவை. மாலபேயில் உள்ள எஸ்.எல்.ஐ.ஐ.டி., ஹோமாகமவில் உள்ள என்.எஸ்.பி.எம். இரண்டும் பலருக்குத் தெரிந்த பெயர்கள். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருப்பது போதாது. மகள் சேரும் அந்தக் குறிப்பிட்ட பட்டம் வர்த்தமானியில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கே வைத்துப் படிப்பிப்பவை. இவற்றில் இங்குள்ள கட்டடத்தின் அழகு முக்கியமில்லை. பட்டச் சான்றிதழில் யார் பெயர் அச்சாகும் என்பதே முக்கியம். அந்தப் பல்கலைக்கழகம் சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் கைநூலிலோ பொதுநலவாயப் பல்கலைக்கழக ஆண்டு நூலிலோ இருக்கிறதா என்று மானியங்கள் ஆணைக்குழு பார்க்கும். ஆணைக்குழுவின் அலுவலகம் கொழும்பு 7, வார்ட் பிளேஸில்தான். அரச வேலைக்கோ ஆசிரியர் நியமனத்துக்கோ போகும் எண்ணம் இருந்தால், சேர்வதற்கு முன்பே எழுதிக் கேட்டுப் பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். டிப்ளோமா இரண்டு வருடம், அதன்மேல் ஒரு வருட "டொப் அப்" என்று கட்டும் பட்டங்களுக்கு இது இன்னும் அவசியம்.

விளம்பரத்தில் போடும் மொத்தக் கட்டணத்தை நம்பி வரவுத் திட்டம் போடாதீர்கள். முன்மேசையில் இருப்பவரிடம் கட்டணத் தாளை வாங்கி, அதன் மேலே இவற்றைப் பேனாவால் எழுதிக் கேளுங்கள்: பதிவுக் கட்டணம் தனியா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுவது எவ்வளவு, எந்த நாணயத்தில், எந்த நாளின் மாற்று விலையில்? சித்தியடையாத பாடம் ஒன்றை மறுபடி எடுக்க எவ்வளவு? கட்டணம் வருடா வருடம் கூடுமா, சேரும்போது இருந்ததே கடைசி வரை இருக்குமா? தவணை பிந்தினால் தண்டம் என்ன? "50 சதவீதப் புலமைப்பரிசில்" என்கிறார்களே, அது இரண்டாம் வருடத்திலும் தொடர என்ன பெறுபேறு வேண்டும்? கடைசிக் கேள்விக்குத்தான் அதிகமாக மழுப்பல் பதில் வரும். எல்லோருக்கும் கொடுக்கப்படும் புலமைப்பரிசில் உண்மையில் விலைக்கழிவு. அதைக் கழித்து வரும் தொகையே உண்மை விலை.

நாணயத்தைப் பற்றிச் சொன்னது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 203 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 10,000 டொலர் கட்டணம் மீதி இருந்த பிள்ளையின் வீட்டில் 20 லட்சமாக இருந்த கடன் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் 36 லட்சமாகியது. படிப்பை நடுவில் நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். கட்டணத்தின் எந்தப் பகுதி வெளிநாட்டு நாணயத்திலோ, அந்தப் பகுதிக்கு அதே நாணயத்தில் அல்லது அதோடு சேர்ந்து ஏறும் ஒன்றில் சேமிப்பு இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் 40,000. இன்று 20 லட்சம் ஆகும் ஒரு பட்டம் வருடம் 8 சதவீதம் கூடிக்கொண்டு போனால் ஐந்து வருடத்தில் 29 லட்சத்து 40 ஆயிரம் ஆகும். நிலையான வைப்புக்கு 7 சதவீத வட்டி என்று வைப்போம். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள், மிஞ்சுவது 6.3. மாதம் 40,000 ரூபாவை 60 மாதம் போட்டால் ஏறக்குறைய 28 லட்சம் சேரும். காகிதத்தில் கிட்டத்தட்டச் சரி. வருட வருமானம் 18 லட்சத்துக்குள் இருப்பவர் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்தால் அந்தப் பிடிப்பிலிருந்தும் தப்பலாம். மனைவிக்கு வருமானம் இல்லையென்றால் வைப்பு யார் பெயரில் என்பது இங்கேயும் கணக்கில் வருகிறது.

ஆனால் காகிதக் கணக்கு உடைவது தரம் 12இல். மூன்று பாடத்துக்கும் தனித்தனி ரியூஷன், பெறுபேறு பயத்தில் ஒரே பாடத்துக்கு இரண்டு ஆசிரியர், கடைசி மாதங்களில் மீட்டல் வகுப்பு, இரவில் திரும்புவதற்கு முச்சக்கர வண்டி. சேமிப்புக்கு என்று வைத்த பணம் அங்கே போய்விடும். முதல் 30 மாதம் 40,000 போட்டு, அடுத்த 30 மாதம் 20,000 மட்டுமே போட முடிந்தால் சேர்வது 21 லட்சத்து 60 ஆயிரம். 28 லட்சம் என்று கனவு கண்டு திட்டமிட வேண்டாம். 21 லட்சம் என்று எழுதுங்கள். அதில் பதறவும் ஒன்றுமில்லை. கட்டணத்தை முதல் நாளே மொத்தமாகக் கட்டுவதில்லை. முதல் வருடக் கட்டணம், பதிவு, மடிகணினி என்று எட்டிலிருந்து பத்து லட்சம் கையில் இருக்க வேண்டும். மிச்சம் மூன்று வருடமும் தவணையாகப் போகும். ரியூஷன் செலவு நின்றுவிடுவதால் உங்கள் மாத 40,000 மறுபடி உயிர்பெறும். இந்த வரவுத் திட்டத்துக்கு உள்ளூரில் கட்டணப் பட்டம் ஒன்று எட்டக்கூடியதுதான். அரச இடம் கிடைத்தால் மீதிப் பணம் முதுமாணிப் படிப்புக்கு நிற்கும்.

எங்கே போடுவது? பிள்ளைகள் கணக்கு, அதாவது தேசிய சேமிப்பு வங்கியின் ஹப்பன், இலங்கை வங்கியின் ரன் கெகுளு போன்றவை, சிறு தொகைக்கும் பழக்கத்துக்கும் நல்லவை. பெரிய தொகையை அதில் பூட்டாதீர்கள். 18 வயது வரை எடுக்க முடியாது என்பதே அதன் அமைப்பு. ஓ.எல்.லுக்குப் பிறகு 16 வயதில் அடிப்படைக் கற்கைநெறி ஒன்றில் சேர்க்க நினைத்தால் பணம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. 18 ஆனதும் அது முழுக்க மகளின் பணம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெரும்பகுதியை உங்கள் பெயரில் அல்லது மனைவியோடு கூட்டாக 12 மாத நிலையான வைப்புகளாகப் பிரியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்த பணத்தில் புது வைப்பு ஒன்று போட்டால், ஒரு வருடத்துக்குப் பிறகு ஒவ்வொரு காலாண்டிலும் ஒன்று முதிரும். ஒரே பெரிய வைப்பாகப் போட்டு இடையில் உடைத்தால் ஒப்புக்கொண்ட வட்டி குறையும். கட்டணத் திகதிக்கு இரண்டு வாரம் பிந்தி முதிரும் வைப்பு இருந்தும் பயனில்லை. நிதி நிறுவனங்கள் வங்கியைவிட ஓரிரு சதவீதம் கூடக் கொடுக்கும். வைப்புக் காப்புறுதி ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபா வரைதான். அந்த எல்லைக்கு மேல் நிதி நிறுவனத்தில் பிள்ளையின் கல்விப் பணத்தை வைப்பது தேவையில்லாத சூதாட்டம். தேசிய சேமிப்பு வங்கி வைப்புகளுக்கு அரச உத்தரவாதம் உண்டு. வட்டி கொஞ்சம் குறைந்தாலும் நித்திரை வரும்.

தங்கத்தை நம் வீடுகளில் ஒதுக்க முடியாது. டொலர் ஏறினால் இங்கே தங்கமும் ரூபாவில் ஏறும் என்பதால் வெளிநாட்டு நாணயக் கட்டணத்துக்கு அது ஒரு தடுப்புத்தான். நகையாக வாங்காதீர்கள், செட்டியார் தெருவில் செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்கியது விற்கும்போது திரும்ப வராது. தங்கப் பவுண் நாணயமாகவோ கட்டியாகவோ, பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். இருக்கிற நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுவது ஆறு மாத அவசரத்துக்குச் சரி. நான்கு வருடப் படிப்பை அடகில் ஓட்டினால் வட்டி நகையை விழுங்கும். சீட்டு என்றால் மடிகணினி போன்ற ஒரு சிறு தொகைக்கு மட்டும். தாய்ச்சீட்டுப் பிடிப்பவர் ஓடினால் கேட்க ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது.

லண்டன் மாமாவின் உதவியைச் சரியாக வாங்கினால் அது ரூபாச் சேமிப்பைவிடப் பெறுமதி. ஒவ்வொரு முறையும் ரூபாவாக்கிச் செலவுக் கணக்கில் போடாதீர்கள். இலங்கையில் வசிப்பவர் வங்கியில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைப் பவுணாகவே வைத்திருக்கலாம். வட்டி அற்பம். ஆனாலும் கட்டணம் பவுணில் வரும் நாளில் மாற்று விலை பற்றி யோசிக்க வேண்டியதில்லை. உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாற்றாக, வந்த பணத்தை இந்தக் கணக்கில் போட முடியாது. வங்கி வழியாக வர வேண்டும்.

மகளை நேராக இங்கிலாந்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். மாணவர் விசாவுக்குக் காட்டும் பணம் மாணவர் பெயரில் அல்லது பெற்றோர் பெயரில் இருக்க வேண்டும். மாமாவின் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் அது கணக்கில் வராது. பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். முதல் வருடக் கட்டணத்தில் கட்டாத மீதியும், ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் விழும். 2025 நவம்பரிலிருந்து வாழ்க்கைச் செலவு லண்டனுக்குள் மாதம் 1,529 பவுண், வெளியே 1,171. வெளியே என்றால் ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண். பவுண் 400 ரூபா என்று வைத்தாலும் 42 லட்சம், கட்டணம் இன்னும் சேரவில்லை. அவுஸ்திரேலியா 2024 மே முதல் கேட்பது வருடத்துக்கு 29,710 அவுஸ்திரேலிய டொலர். கனடா 2025 செப்டெம்பர் முதல் 22,895 கனேடிய டொலர். விசாவுக்காக இரவல் பணம் போட்டுக் காட்டிவிட்டு எடுப்பவர்கள் உண்டு. இரண்டாம் வருடக் கட்டணம் வரும்போது அந்தப் பணம் இருக்காது. பிள்ளை அங்கே படிப்பா வேலையா என்று திண்டாடும். உங்கள் வரவுக்கு முதல் பட்டத்தை இங்கே முடித்து, முதுமாணிக்கு ஒரு வருடம் வெளியே போவதே கணக்குக்கு ஒத்துவரும். மருத்துவம் வெளிநாட்டில் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவச் சபை ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏற்றாலும் திரும்பி வந்து சபையின் பதிவுப் பரீட்சை எழுதியே ஆக வேண்டும்.

இந்தியாவும் ஒரு வழி. கொழும்பில் உள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் இளமாணிப் படிப்புக்கு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் போன்றவற்றுக்கு வருடந்தோறும் விண்ணப்பம் கோரும். தோட்டத் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகளுக்கு இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் தனியாக உதவுகிறது. கொழும்புக்கு வந்து படித்தாலும் பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களாக இருந்தால் விசாரியுங்கள். செலவு குறைந்த உள்ளூர் வழிகளும் உண்டு: நாவலயில் திறந்த பல்கலைக்கழகம், இலங்கை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் உயர் தேசிய டிப்ளோமா, வேலை பார்த்துக்கொண்டே பட்டயக் கணக்காளர் படிப்பு. இவற்றைத் தோற்றவர் வழி என்று பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கொழும்பில் பல அலுவலகங்களின் கணக்குப் பிரிவுத் தலைவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்.

கடன். ஏ.எல். சித்தியடைந்து அரச இடம் கிடைக்காதவர்களுக்கு 2017 முதல் அரசின் வட்டியில்லாக் கடன் இருக்கிறது. குறிப்பிட்ட அரச சார்பற்ற நிறுவனங்களில், குறிப்பிட்ட பட்டங்களுக்கு மட்டும். பிணையாளர் வேண்டும். ஆங்கிலத் தகுதியும் பார்ப்பார்கள்: ஏ.எல். பொது ஆங்கிலத்தில் எஸ் (சாதாரண சித்தி) அல்லது ஓ.எல். ஆங்கிலத்தில் சி (திறமைச் சித்தி). தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். மகள் தரம் 9இல் இருக்கும்போதே ஆங்கிலத்துக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாவும் பின்னால் வட்டியோடு திரும்பும் என்று சொல்வது இதனால்தான்.

வங்கிக் கடன் என்றால் ஒரு கேள்வி: குறைந்து செல்லும் மீதிக்கு வட்டியா, நிலை வட்டியா? 15 லட்சம், 14 சதவீதம், ஐந்து வருடம். குறையும் மீதியில் மாதத் தவணை சுமார் 34,900; மொத்த வட்டி 6 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதே 14 நிலை வட்டியானால் தவணை 42,500; வட்டி 10 லட்சத்து 50 ஆயிரம். படிக்கும் காலத்தில் வட்டி மட்டும் கட்டலாம் என்பார்கள். முழுத் தொகையையும் முதலிலேயே எடுத்தால் அது மாதம் 17,500, வாங்கிய கடன் தொகை ஒரு சதமும் குறையாது. கட்டணத் தவணைக்கு ஏற்பப் பகுதி பகுதியாக விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஓய்வுக்கு மிஞ்சிய வருடங்களையும் எண்ணுங்கள். 58 வயதில் எடுக்கும் ஐந்து வருடக் கடன் சம்பளம் நின்ற பிறகும் துரத்தும். ஊழியர் சேமலாப நிதியை நம்ப வேண்டாம்: இடையில் எடுக்க அனுமதிக்கும் 30 சதவீதம் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும்தான், கல்விக்கு இல்லை.

இனி அந்தக் காப்புறுதி முகவர். மகளுக்கு இப்போது 14 வயது என்றால் 15 வருடத் திட்டம் முதிரும்போது 29. முதல் பட்டம் முடித்து வேலைக்குப் போய் ஆண்டுகள் ஆகியிருக்கும். இடையில் உடைத்தால் தொடக்க வருடங்களில் கட்டியதே முழுதாகத் திரும்பாது. அந்தத் திட்டத்தில் உருப்படியான பகுதி ஒன்றுதான்: உழைக்கும் பெற்றோர் இறந்தால் பணம் வருவது. அதை மட்டும் தனியாக வாங்கலாம். சேமிப்புக் கலக்காத காலவரைக் காப்புறுதி ஒன்றை, பத்து வருடத்துக்கு, மகளின் படிப்புச் செலவுக்குச் சமமான தொகைக்கு எடுங்கள். சுகாதாரக் கேள்விகளுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் எதையும் மறைக்காமல் பதில் எழுதுங்கள். மறைத்தது தெரியவந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும். முகவர் விடாப்பிடியாக நின்றால் ஐந்தாம் வருட முடிவில் கையளிப்புப் பெறுமதி (திட்டத்தை அப்போது நிறுத்தினால் கிடைக்கும் தொகை) எவ்வளவு என்று நிறுவனத்தின் அச்சுத் தாளில் கேளுங்கள். அதற்குப் பக்கத்தில் அதுவரை கட்டிய மொத்தத் தவணையை எழுதிப் பாருங்கள்.